பதக்கத்தை ஒளித்து வைத்த பெண்கள்

இன்னைக்கு ஒரு சினிமாவிலிருந்து ஆரம்பிக்கலாம். 2009-ல் வந்த 'பேராண்மை' ஞாபகம் இருக்கா? எஸ்.பி. ஜனநாதன் இயக்கிய படம். ஜெயம் ரவி வனத்துறையில் வேலை பார்ப்பார், என்.சி.சி. பயிற்சிக்கு வந்த மாணவிகளில் ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் போவார், அங்கே வெளிநாட்டுக் கூலிப்படை ஒன்று இறங்கியிருக்கும். நான் அதை முதன்முதலில் டிவியில்தான் பார்த்தேன், விளம்பர இடைவேளைகளோடு. நல்ல ஆக்‌ஷன் படம் என்கிற அளவில்தான் மனசில் நின்றது. அதற்குப் பின்னால் ஒரு ரஷ்யக் குறுநாவல் இருக்கு என்று தெரிய வந்தது பல வருஷம் கழித்து.

போரிஸ் வசீலியெவ் எழுதியது, 1969-ல் வெளிவந்தது. தமிழில் 'அதிகாலையின் அமைதியில்'. வீட்டில் பெரியவர்கள் யாராவது சோவியத் புத்தகங்கள் வாங்கும் பழக்கம் உள்ளவர்களாக இருந்தால், அலமாரியின் கீழ்த்தட்டில் இது இருக்க வாய்ப்பு உண்டு. கதை நடப்பது 1942 மே மாதம். ஒரு சின்ன ரயில் நிலையம். அதைக் காக்க விமான எதிர்ப்பு பீரங்கிப் படை ஒன்று, முழுக்கப் பெண்கள். அவர்களுக்குப் பொறுப்பாக வஸ்கோவ் என்று ஒரு சார்ஜன்ட். ஜெர்மன் பாராசூட் வீரர்கள் காட்டுக்குள் இறங்கிவிட்டார்கள் என்று தெரிந்ததும் ஐந்து பெண்களோடு அவர் கிளம்புகிறார். எதிரில் இருப்பது ரெண்டு பேர் என்று நினைத்துப் போனால், 16 பேர். ஐந்து பெண்களும் செத்துப்போகிறார்கள், ஒருத்தர் மிச்சமில்லாமல்.

ஒரு சின்ன விஷயம் சொல்லிவிட்டு மேலே போகிறேன். ஐந்து பெண் சிப்பாய்களைப் பற்றிய கதையைத் தமிழுக்குக் கொண்டுவந்தபோது நாம் அதற்கு வைத்த பெயர் 'பேராண்மை'. திருக்குறளில் வருகிற சொல், அழகான சொல், அதில் சண்டையில்லை. ஆனாலும் 'ஆண்மை' இல்லாமல் வீரத்தைச் சொல்ல நம்மிடம் சட்டென்று ஒரு வார்த்தை வரவில்லை, பார்த்தீங்களா.

வசீலியெவ் முதலில் அந்தக் கதையை ஆண் சிப்பாய்களை வைத்துத்தான் எழுத ஆரம்பித்தாராம். ஏற்கெனவே நூறு பேர் எழுதிய கதை மாதிரி வந்ததால் நிறுத்திவிட்டு, பெண்களாக மாற்றினார். கதை அங்கேதான் உயிர் பிடித்தது. 1972-ல் படமாகவும் வந்து சோவியத் ஒன்றியம் முழுக்க ஜனங்கள் தியேட்டரில் அழுதார்கள்.

என் கேள்வி அங்கேதான் தொடங்குகிறது. கதையில் ஐந்து பேரும் இறந்துவிடுகிறார்கள். இறந்தவர்களுக்காக அழுவது சுலபம். நிஜத்தில் நிறைய பெண்கள் உயிரோடு திரும்பி வந்தார்கள். அவர்களுக்கு என்ன ஆச்சு?

முதலில் அளவைப் புரிஞ்சுக்கணும். இரண்டாம் உலகப் போரில் சோவியத் ராணுவத்தில் பணியாற்றிய பெண்கள் சுமார் 8 லட்சம் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். இதில் பெரும்பகுதி மருத்துவம், தொலைத்தொடர்பு, விமான எதிர்ப்புப் பிரிவுகளில். அதற்குமேல் விமானிகள், ஸ்னைப்பர்கள், டாங்கி ஓட்டிகள், இயந்திரத் துப்பாக்கிக்காரர்கள், கண்ணிவெடி அகற்றுபவர்கள். போர்முனை மருத்துவர்களில் 40 சதவீதத்துக்கும் மேல் பெண்கள். அந்தப் போரில் வேறெந்த நாடும் இந்த அளவில் பெண்களை ஆயுதத்தோடு போர்முனைக்கு அனுப்பவில்லை.

"கம்யூனிஸ்ட் நாடு, சமத்துவம், அதனால் அனுப்பினாங்க" என்று ஒரு வரியில் முடிச்சிடலாம்னு தோணும். அப்படி இல்லை. 1941 ஜூன் 22-ம் தேதி ஜெர்மனி படையெடுத்தது. மறுநாளே ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகங்களில் இளம்பெண்கள் வரிசையில் நின்றார்கள். நர்ஸ், டெலிபோன் ஆபரேட்டர் வேலை என்றால் சரி. சண்டை போடணும் என்று சொன்னவர்களைப் பெரும்பாலும் வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். சமத்துவம் சட்டத்தில் இருந்தது, ஆள்சேர்ப்பு மேஜையில் இல்லை.

இரண்டு விஷயங்கள் நிலைமையை மாற்றின. ஒன்று, அந்தப் பெண்களுக்கு ஏற்கெனவே பயிற்சி இருந்தது. 1930-களில் ஒசோவியாகிம் என்ற அமைப்பு நாடெங்கும் கிளப்கள் நடத்தியது. துப்பாக்கி சுடுதல், பாராசூட் குதித்தல், கிளைடர், விமானம் ஓட்டுதல் எல்லாம் அங்கே கற்றுக்கொள்ளலாம். தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடிந்து, சாயங்காலம் விமானம் ஓட்டப் போன பெண்கள் இருந்தார்கள். இரண்டாவது காரணம் எளிமையானது, கொடூரமானது: ஆண்கள் தீர்ந்துகொண்டிருந்தார்கள். 1941-ல் மட்டும் லட்சக்கணக்கில் செத்தார்கள், லட்சக்கணக்கில் கைதானார்கள். 1942 மார்ச்சில், ஒரு லட்சம் இளம்பெண்களை விமான எதிர்ப்புப் படையில் சேர்க்கச் சொல்லி உத்தரவு வந்தது. அங்கிருக்கும் ஆண்களை எடுத்துக் காலாட்படைக்கு அனுப்ப வேண்டும், அந்தக் காலி இடத்தை நிரப்பப் பெண்கள். அதுதான் கணக்கு.

இந்தக் கணக்கு நடைமுறையில் எப்படி முடிந்தது என்பதற்கு ஸ்டாலின்கிராட் ஒரு உதாரணம். 1942 ஆகஸ்ட் 23. ஜெர்மனியின் 16-வது டாங்கி டிவிஷன் நகரின் வடக்கு விளிம்பை நோக்கி வருகிறது. அங்கே எதிர்த்து நிற்கப் பெரிய படை ஏதும் இல்லை. இருந்தது 1077-வது விமான எதிர்ப்பு பீரங்கி ரெஜிமெண்ட். அதில் பெரும்பாலோர் இளம்பெண்கள், பலர் அப்போதுதான் பள்ளிப் படிப்பு முடித்தவர்கள். வானத்தைப் பார்த்துச் சுடத்தான் அவர்களுக்குக் கற்றுக் கொடுத்திருந்தார்கள். டாங்கியைச் சுடப் பயிற்சி இல்லை. பீரங்கிக் குழாயைத் தரைமட்டத்துக்கு இறக்கிவிட்டுச் சுட ஆரம்பித்தார்கள். 37 பீரங்கி நிலைகளையும் ஒவ்வொன்றாக அழித்த பிறகுதான் ஜெர்மானியர்களால் முன்னேற முடிந்தது. அருகில் போய்ப் பார்த்தபோதுதான், இவ்வளவு நேரம் சண்டை போட்டது பெண்கள் என்று அவர்களுக்கே தெரிந்தது.

வசீலியெவ் எழுதிய ஐந்து பேர் கற்பனைதான். அவர்களை மாதிரி ஆட்கள் கற்பனை இல்லை.

இப்போ விமானிகள். இதுதான் இணையத்தில் அதிகம் சுற்றுகிற பகுதி, 'இரவுச் சூனியக்காரிகள்'. கேள்விப்பட்டிருப்பீங்க. எல்லாவற்றையும் தொடங்கி வைத்தவர் மரினா ரஸ்கோவா. போருக்கு முன்பே அவர் நாடறிந்த பிரபலம். 1938-ல் மூன்று பெண்கள் மாஸ்கோவிலிருந்து தூரக் கிழக்கு வரை நிற்காமல் பறந்தார்கள். ரஸ்கோவா வழிகாட்டி. எரிபொருள் தீர்ந்து வயிற்றால் தரையிறங்க வேண்டிய நிலை. வழிகாட்டி உட்காரும் அறை விமானத்தின் மூக்கில் இருந்தது, இறங்கும்போது நசுங்கிவிடும். அதனால் அவர் பாராசூட்டில் குதித்தார். சைபீரியக் காட்டில், கையில் கொஞ்சம் சாக்லேட்டோடு, சுமார் பத்து நாள் நடந்து விமானத்தைக் கண்டுபிடித்துச் சேர்ந்தார். அந்த மூவரும்தான் 'சோவியத் யூனியனின் வீரர்' பட்டம் பெற்ற முதல் பெண்கள்.

போர் தொடங்கியதும் பெண் விமானிகளின் கடிதங்கள் ரஸ்கோவாவுக்கு வந்து குவிந்தன. அவருக்கு மேலிடத்தில் செல்வாக்கு இருந்தது, அதைப் பயன்படுத்தினார். 1941 அக்டோபர் 8-ம் தேதி உத்தரவு: பெண்களுக்கென்று மூன்று விமான ரெஜிமெண்டுகள். 586 போர் விமானங்கள், 587 குண்டுவீச்சு, 588 இரவுக் குண்டுவீச்சு. வோல்கா கரையில் எங்கெல்ஸ் என்ற ஊரில் பயிற்சி. போன உடனே முதல் கட்டளை, எல்லோரும் முடியைக் கிராப் வெட்டிக்கொள்ளணும். நீளப் பின்னலோடு வந்தவர்கள் பலர் அழுதுகொண்டே வெட்டினார்கள். கொடுத்த சீருடை எல்லாம் ஆண்களுக்குத் தைத்தது. பூட்ஸ் மூன்று நான்கு சைஸ் பெரிசு, உள்ளே பேப்பரும் துணியும் திணித்துக்கொண்டுதான் நடக்கணும். ஜட்டி முதற்கொண்டு ஆண்களுடையது.

586, 587 ரெண்டிலும் பிற்பாடு ஆண்களும் சேர்ந்தார்கள். 588 மட்டும் கடைசி வரை முழுக்கப் பெண்கள். பைலட், வழிகாட்டி, மெக்கானிக், குண்டு ஏற்றுபவர், கமாண்டர் எவ்தோகியா பெர்ஷான்ஸ்கயா வரை எல்லோரும்.

அவர்களுக்குக் கொடுத்த விமானம் போ-2. 1928-ல் முதலில் பறந்தது, பயிற்சி விமானம், வயலுக்கு மருந்து தெளிக்கவும் பயன்பட்டது. மரச் சட்டம், மேலே துணி. அதிகபட்ச வேகம் மணிக்கு சுமார் 150 கிலோமீட்டர். நம்ம வந்தே பாரத் ரயிலே கிட்டத்தட்ட அந்த வேகத்தில் போகும். மேலே கூரை கிடையாது, ரஷ்யக் குளிர்காலத்தில் முகம் நேராகக் காற்றுக்கு. குண்டின் எடையைச் சேர்க்கணும் என்பதால் 1944 வரை பாராசூட் எடுத்துப் போகவில்லை. பகலில் பறந்தால் செத்தோம். அதனால் இரவு.

ஒரு விமானத்தில் ஒரே தடவையில் கொஞ்சம் குண்டுதான் ஏற்ற முடியும். அதனால் ஒரு இரவில் பல தடவை போய் வரணும். போய்ப் போட்டுவிட்டு வரணும், இறங்கின சில நிமிஷங்களில் குண்டு ஏற்றி, எரிபொருள் ஊற்றி, மறுபடி கிளம்பணும். கனமான குண்டுகளை இருட்டில், பனியில், வெறுங்கையால் தூக்கி மாட்டியது இருபது வயசுப் பெண்கள். பைலட்களைப் பற்றி எல்லோரும் பேசுறோம். எனக்கு அந்தக் குண்டு தூக்கின பெண்களைப் பற்றித்தான் அதிகம் தெரிஞ்சுக்க ஆசை. இலக்கை நெருங்கும்போது பைலட் எஞ்சினை ஐட்லில் போட்டுவிட்டு, சத்தமில்லாமல் சறுக்கிக்கொண்டே இறங்குவார். கீழே இருப்பவனுக்குக் காற்று சீறும் ஓசை மட்டும்தான் கேட்கும். துடைப்பத்தில் சூனியக்காரி பறந்து வருகிற ஓசை என்று ஜெர்மானியர்கள் பெயர் வைத்தார்கள். பெரிய நாசம் என்பதைவிட, தூங்கவிடாமல் பண்ணுவதுதான் முக்கியமான வேலை. ராத்திரி முழுக்க சில நிமிஷத்துக்கு ஒரு விமானம் தலைக்கு மேலே வந்தால் யாரால் தூங்க முடியும்?

மூன்று வருஷத்தில் 23,000 தடவைக்கும் மேல் பறந்தார்கள். இரினா செப்ரோவா என்பவர் மட்டும் 1,008 தடவை. நதேழ்தா போபோவா 852 தடவை, அதில் ஒரே இரவில் 18. இறந்தவர்கள் 30 பேருக்கு மேல். 23 பேருக்கு 'சோவியத் யூனியனின் வீரர்' பட்டம், சிலருக்கு இறந்த பிறகு.

ஒரு இரவைச் சொல்லணும். 1943 ஜூலை 31. விமானங்கள் வரிசையாகக் கிளம்புகின்றன. எதிரியின் தேடல் விளக்குகள் முதல் விமானத்தைப் பிடிக்கின்றன. வழக்கமாக அடுத்த நொடி கீழேயிருந்து பீரங்கி வெடிக்கும். அன்று ஒரே அமைதி. அப்புறம் விமானம் தீப்பிடித்து விழுகிறது. அடுத்ததும் அப்படியே. பின்னால் வருபவர்களுக்கு என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. ஜெர்மானியர்கள் அன்று பீரங்கிக்குப் பதில் இரவுப் போர் விமானத்தை அனுப்பியிருந்தார்கள். நான்கு விமானங்கள், எட்டுப் பெண்கள். தங்குமிடத்தில் எட்டுப் படுக்கைகள் அன்று காலை காலி.

அதற்கு மறுநாள், ஆகஸ்ட் 1, வேறொரு போர்முனையில் லிதியா லித்வ்யாக் என்ற போர் விமானி திரும்பி வரவில்லை. வயசு 21. எதிரி விமானங்களை நேருக்கு நேர் சுட்டு வீழ்த்தியவர். உடல் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காவிட்டால் 'காணாமல் போனவர்'. காணாமல் போனவர் என்றால், ஒருவேளை உயிரோடு பிடிபட்டு எதிரியிடம் சரணடைந்திருப்பாரோ என்ற சந்தேகம். ஸ்டாலின் காலத்தில் அந்தச் சந்தேகம் போதும், பட்டம் கிடையாது. ஆணுக்கும் அதே விதிதான், மறுக்கலை. 1990-ல்தான் பட்டம் கொடுத்தார்கள். சோவியத் ஒன்றியத்துக்கே அதற்குப் பிறகு ஒன்றரை வருஷ ஆயுள்தான் மிச்சம்.

சரி, அதே 588-வது ரெஜிமெண்டில் நடந்த இன்னொரு சம்பவம். வெளிச்சக் குண்டு என்று ஒன்று உண்டு. ஒரு சின்ன பட்டுப் பாராசூட்டில் தொங்கிக்கொண்டே எரியும். இரண்டு பெண்கள் அப்படி ஒரு பாராசூட்டைப் பிரித்து, அந்தப் பட்டில் தங்களுக்கு உள்ளாடை தைத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான். ராணுவச் சொத்தைச் சேதப்படுத்தியதாக விசாரணை நடந்தது. தண்டனை பத்து வருஷம். போர்முனையிலேயே இருந்து உழைத்துக் கழிக்கலாம் என்று அங்கேயே வைத்துக்கொண்டார்கள். அதில் ஒருவர் பிற்பாடு வழிகாட்டியாகப் பறந்து, போரிலேயே இறந்தார். உயிரைக் கேட்டு வாங்கிக்கொண்ட ராணுவம், ஒரு முழம் பட்டுத் துணிக்குக் கணக்குக் கேட்டது.

தரையில் இருந்தவர்கள் கதை வேற மாதிரி. 1941 ஆகஸ்டில் ஒரு உத்தரவு வந்தது. காயம்பட்டவர்களைப் போர்க்களத்திலிருந்து இழுத்து வரும் மருத்துவப் பணியாளர்களுக்கு எந்த விருது என்று அதில் விலைப்பட்டியல் மாதிரி இருக்கும். 15 பேரைக் காப்பாற்றினால் ஒரு பதக்கம். 25 பேர் என்றால் செந்நட்சத்திர விருது. 40 என்றால் செங்கொடி விருது. 80 என்றால் லெனின் விருது. ஒரு நிபந்தனை, ஆளை மட்டும் இழுத்து வந்தால் கணக்கில் வராது. அவனுடைய துப்பாக்கியோடு இழுத்து வரணும்.

யோசிச்சுப் பாருங்க. அந்த வேலையைச் செய்த பெண்கள் பலர் 18, 19 வயசு, ஐம்பது கிலோகூட இருக்க மாட்டார்கள். எழுந்து நின்றால் குண்டு படும், அதனால் தரையோடு தவழ்ந்துதான் போகணும். எழுபது எண்பது கிலோ ஆள், மேலே குளிர்காலக் கோட்டு, பூட்ஸ், துப்பாக்கி. அவனை ஒரு துணியில் கிடத்தி அங்குலம் அங்குலமாக இழுத்து வரணும். விட்டுவிட்டு, மறுபடி போகணும்.

அந்த 15 பேருக்குக் கிடைக்கும் பதக்கம் இருக்கு இல்லையா, அதன் பெயர் 'போர்ச் சேவைக்காக'. இந்தப் பெயரை மறந்துடாதீங்க, திரும்ப வரும்.

நடுவில் அமெரிக்காவுக்கு ஒரு நடை போய்விட்டு வரலாம். லுத்மிலா பவ்லிசென்கோ, கீவ் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துக்கொண்டிருந்தவர், கிளப்பில் சுடக் கற்றவர். ஒதெஸ்ஸா, செவாஸ்தபோல் முற்றுகைகளில் ஸ்னைப்பர். அவர் கணக்கில் 309 பேர். 1942 ஜூனில் காயம்பட்டதும் போர்முனையிலிருந்து எடுத்து, ஐரோப்பாவில் இரண்டாவது போர்முனை திறக்கச் சொல்லி ஆதரவு திரட்ட அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். வெள்ளை மாளிகையில் ரூஸ்வெல்ட் தம்பதியின் விருந்தாளி. பத்திரிகையாளர்கள் அவரிடம் கேட்டது என்ன தெரியுமா? போர்முனையில் லிப்ஸ்டிக் போடலாமா? இந்தச் சீருடைப் பாவாடை ஏன் இவ்வளவு நீளம், குண்டாகக் காட்டுதே? முதல் சில நாள் பொறுத்தார், அப்புறம் வெளிப்படையாகவே கோபப்பட்டார். சிகாகோ கூட்டத்தில், என் வயசு இது, நான் கொன்றது இத்தனை பேர், இன்னும் எவ்வளவு நாள் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருக்கப் போறீங்க என்கிற பொருளில் அவர் பேசியது ரொம்பப் பிரபலம். போருக்குப் பிறகு விட்ட படிப்பை முடித்து, வரலாற்று ஆய்வாளராக வேலை பார்த்தார். 1974-ல் இறந்தார்.

அமெரிக்கப் பத்திரிகைகளைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் சொந்த நாட்டில் நடந்தது அதைவிட மோசம்.

பதுங்கு குழியில் நூறு ஆண்களுக்கு நடுவே ரெண்டு மூன்று பெண்கள். அதிகாரிகள் சிலர் தங்கள் பிரிவில் இருந்த பெண்ணை 'வைத்துக்கொண்டார்கள்'. சிலருக்கு அது உண்மையான காதல், சிலருக்கு ஒரு பாதுகாப்பு ஏற்பாடு, சிலரிடம் யாரும் சம்மதமே கேட்கவில்லை. சிப்பாய்கள் இதற்கு ஒரு கிண்டல் பெயர் வைத்தார்கள். அவர்கள் கையில் இருந்த துப்பாக்கியின் பெயர் பெபெஷா. அதே ஓசையில் 'பெபெஜே', அதாவது 'போர்க்கள மனைவி' என்பதன் சுருக்கம். துப்பாக்கி மாதிரி இதுவும் ராணுவம் கொடுத்த சாமான் என்று அர்த்தம். இந்தப் பெயர் மெதுவாக எல்லாப் பெண் சிப்பாய்கள் மேலும் ஒட்டிக்கொண்டது. தனியாக இருந்தவள், யாரையும் கிட்டே விடாதவள், வித்தியாசமே இல்லை.

அந்தப் பதக்கம் ஞாபகம் இருக்கா? 'போர்ச் சேவைக்காக'. ரஷ்ய மொழியில் அதில் ஒரே ஒரு வார்த்தையை, ஓசை கிட்டத்தட்ட ஒத்து வருகிற மாதிரி மாற்றினால், 'படுக்கைச் சேவைக்காக' என்று ஆகிவிடும். அந்தப் பதக்கத்தை ஒரு பெண் மார்பில் குத்திக்கொண்டு போனால், பின்னாலிருந்து அந்த ஜோக் கேட்கும். 15 பேரை அவரவர் துப்பாக்கியோடு தவழ்ந்து இழுத்து வந்ததற்குக் கிடைத்த பதக்கம் அது. முன்பே சொன்ன கேள்விக்குப் பதிலின் முதல் பகுதி இதுதான். பதக்கத்தைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தார்கள். எங்கே இருந்தாய் என்று கேட்டால், பின்னணியில் ஏதோ வேலை பார்த்தேன் என்றார்கள்.

அரசாங்கமும் அந்தப் பக்கம்தான் தள்ளியது. போர் முடிவதற்கு முன்பே, 1944 ஜூலை 8-ம் தேதி, புதிய குடும்பச் சட்டம். ஜனத்தொகை பயங்கரமாகக் குறைந்துகொண்டிருந்தது, மொத்த இழப்பு 2 கோடியே 70 லட்சம் உயிர்கள் என்பது பிற்காலக் கணக்கு. அதனால் பத்துப் பிள்ளை பெற்றால் 'வீரத் தாய்' பட்டம். அதே சட்டத்தில் இன்னொரு பகுதி. பதிவுத் திருமணம் ஆகாமல் பிறந்த குழந்தைக்கு, தந்தை யார் என்று நிறுவ வழி கிடையாது, ஜீவனாம்சம் கேட்க முடியாது, தகப்பன் பெயரை வாங்க முடியாது. பிறப்புச் சான்றிதழில் அப்பா என்கிற இடத்தில் ஒரு கோடு. இப்போ போர்முனையிலிருந்து கர்ப்பமாகத் திரும்பிய பெண்ணை நினைச்சுக்கோங்க. அதிகாரி தன் சொந்த மனைவியிடம் போய்விட்டான். இவளுக்கு மிஞ்சியது ஒரு கெட்ட பெயரும், கோடு போட்ட சான்றிதழும். என்னைக் கேட்டால், பத்திரிகைக் கிண்டல், தெருக் கிண்டல் எல்லாவற்றையும்விட இந்தக் கோடுதான் கொடுமை. அது சட்டம் போட்ட கோடு.

1945 ஜூலையில், வீடு திரும்பும் பெண் வீரர்கள் கூட்டத்தில் மிகயீல் கலீனின் பேசினார். பதவியளவில் நாட்டின் தலைவர் அவர். நீங்கள் சமத்துவத்தைக் கையில் ஆயுதத்தோடு நிரூபித்துவிட்டீர்கள் என்று பாராட்டினார். அப்புறம் ஒரு அறிவுரை. இனி வேலைக்குப் போகிற இடத்தில் பெருமை அடிக்காதீங்க, உங்கள் சேவையைப் பற்றி நீங்களே பேசாதீங்க, மற்றவர்கள் பேசட்டும். கேட்பதற்கு வீட்டுப் பெரியவர் சொல்லும் அடக்கம் மாதிரி இருக்கும். மற்றவர்கள் பேசவே இல்லை என்பதுதான் விஷயம். 588-வது ரெஜிமெண்டும் 1945 அக்டோபரில் கலைக்கப்பட்டது.

இதைச் சொல்லும்போது ஒன்றை மறைக்க விரும்பலை. இதே செஞ்சேனையின் ஆண்கள் 1945-ல் ஜெர்மனிக்குள் நுழைந்தபோது அங்கிருந்த பெண்களை மிகப் பெரிய அளவில் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினார்கள். அதை அரை நிமிஷத்தில் சொல்லிக் கடக்க முடியாது, தனி எபிசோட் வேணும்.

பேச்சு திரும்ப வர நாற்பது வருஷம் ஆச்சு. பெலாரஸ் பத்திரிகையாளர் ஸ்வெத்லானா அலெக்சியேவிச், 1948-ல் பிறந்தவர், 1970-களின் கடைசியில் டேப் ரெக்கார்டரோடு கிளம்பினார். நூற்றுக்கணக்கான பெண்களிடம் போய் உட்கார்ந்து கேட்டார். 'போருக்குப் பெண் முகம் இல்லை' என்று பொருள்படும் தலைப்பில் அந்தப் புத்தகம் 1985-ல்தான் வெளிவந்தது. அதற்கும் முன் தணிக்கை நிறைய வெட்டியது. மாதவிலக்கு, பேன், பயம் என்றெல்லாம் எழுதினால் வெற்றியின் பெருமை போய்விடுமாம். 2015-ல் அவருக்கு நோபல் பரிசு.

அதில் ஒரு காட்சி எனக்கு மறக்கவே மாட்டேங்குது. கணவன், மனைவி இருவருமே போரில் இருந்தவர்கள். அலெக்சியேவிச் மனைவியிடம்தான் பேச வந்திருக்கிறார். கணவருக்கு மனசே இல்லை. எழுந்து போகும்போது மனைவியிடம், நான் சொல்லிக் கொடுத்த மாதிரி சொல், அழக் கூடாது, அழகாக இருக்க ஆசைப்பட்டது, பின்னலை வெட்டினபோது அழுதது மாதிரியான பொம்பளை விஷயமெல்லாம் வேண்டாம் என்கிறார். அவர் போன பிறகு மனைவி குரலைத் தாழ்த்திச் சொல்கிறார், நேற்று ராத்திரி முழுக்க உட்கார வைத்து, அரசு வெளியிட்ட போர் வரலாற்றுப் புத்தகத்தை எனக்குப் படிப்பித்தார் என்று.

அவரும் கெட்ட மனுஷன் இல்லை. மனைவி தப்பாகச் சொல்லி மாட்டிக்கொள்வாளோ என்று பயந்தவர். ஆனால் அந்தப் போரில் அந்த அம்மாவும் இருந்தார். தான் இருந்த போரைப் பற்றி ராத்திரி முழுக்கப் பாடம் படிக்க வேண்டியிருந்தது.

இரவுக் குண்டுவீச்சு ரெஜிமெண்ட் பெண்கள் மட்டும் ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள். போர் முடிந்தால் ஒவ்வொரு வருஷமும் மே 2-ம் தேதி மாஸ்கோவில் பல்ஷோய் தியேட்டருக்கு எதிரே இருக்கும் பூங்காவில் சந்திக்கணும் என்று. சந்தித்தார்கள். ரெஜிமெண்டின் தலைமை அதிகாரிகளில் ஒருவராக இருந்த இரினா ரகபோல்ஸ்கயா, போருக்குப் பிறகு மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர், அண்டக் கதிர்களை ஆராய்ந்தவர். போபோவா விமானப் பயிற்சியாளர். முதலில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், பிறகு பேரப்பிள்ளைகளோடு. வருஷத்துக்கு வருஷம் தலை எண்ணிக்கை குறைந்தது. போபோவா 2013-ல் போனார், ரகபோல்ஸ்கயா 2016-ல், 96 வயசில். பூங்காவுக்கு வரும்போது எல்லோரும் பதக்கங்களை எடுத்துக் குத்திக்கொண்டுதான் வருவார்கள். அங்கே அந்த ஜோக்கைச் சொல்ல யாரும் இல்லை.